எந்தக் காலத்து புல்லட்டை வாங்குவது?

ராயல் என்ஃபீல்டு வாங்கலாம் என்று இருக்கிறேன் என நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டியவர், "பழசு மாதிரி வராதுப்பா, இப்போ வர்றதெல்லாம் தகரம்" என்பார். முப்பதுகளின் நடுவில் இருப்பவர், "வேண்டவே வேண்டாம், வண்டியை விட சர்வீஸ் சென்டர்லதான் அதிகம் உட்கார்ந்திருப்ப" என்பார். கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆனவர், "ஆயில் மாத்துறேன், செயின் துடைக்கிறேன், வேற ஒண்ணுமே செய்யலை" என்பார். மூவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் மூவரும் பேசுவது ஒரே வண்டியைப் பற்றி அல்ல. முதலாமவர் மனதில் இருப்பது வார்ப்பிரும்பு சிலிண்டர் வைத்த பழைய காஸ்ட் அயர்ன் எஞ்சின். இரண்டாமவர் 2008-க்குப் பிறகு வந்த யூ.சி.இ. (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) எஞ்சினோடு வாழ்ந்தவர். மூன்றாமவரிடம் இருப்பது 2020-க்குப் பிறகு வந்த ஜே சீரிஸ்.

வண்டி வாங்குபவர்கள் குழம்புவது இங்கேதான். தொட்டியின் மேல் உள்ள பெயர் ஒன்று, தொட்டியின் வடிவமும் ஏறத்தாழ ஒன்று, அதனால் தரமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். என் கருத்தில் ராயல் என்ஃபீல்டுக்கு என்று ஒரு தரம் கிடையாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு தரம் உண்டு. ஒரு எஞ்சின் போய் அடுத்தது வந்த பிறகும், ஊர்ப்பேச்சு பல வருடங்களுக்குப் பழையதைப் பற்றியே ஓடிக்கொண்டிருக்கும். எனவே யார் என்ன சொன்னாலும், "உங்களுடையது எந்த வருட வண்டி?" என்று முதலில் கேளுங்கள். கீழே எழுதியிருப்பது அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று எஞ்சின்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தது. வாங்கும் முடிவு எடுக்க வேண்டியவர்களுக்காக எழுதுகிறேன்.

காஸ்ட் அயர்ன்

1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஆலை வந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின. அப்புறம் தாய் நிறுவனம் தளர்ந்துபோய் 1970-ல் இங்கிலாந்தில் உற்பத்தி அடியோடு நின்றது. திருவொற்றியூரில் மட்டும் அதே புல்லட் கிட்டத்தட்ட அதே உருவத்தில் இன்னும் நாற்பது வருடம் வந்துகொண்டிருந்தது.

அந்த எஞ்சினின் கணக்கைப் பார்த்தாலே அதன் குணம் தெரியும். 346 சிசி. சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 90 மில்லிமீட்டர். அழுத்த விகிதம் 6.5-க்கு 1 மட்டுமே. 18 குதிரைத்திறன். இவ்வளவு குறைந்த அழுத்தம் என்பதால் மட்டமான பெட்ரோலையும் அது பொறுத்துக்கொள்ளும். நீளமான ஸ்ட்ரோக்கும் கனமான ஃப்ளைவீலும் இருப்பதால், டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் முரண்டு பிடிக்காமல் இழுக்கும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அதை விடச் சுகமான வண்டி இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான். 90-ல் ஒரு மணி நேரம் விரட்டினால் கதை வேறு. வார்ப்பிரும்பு சிலிண்டர் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் அபாயம் உண்டு.

ஆயில் ஒழுகுவது பற்றிச் சொல்லாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேச முடியாது. எஞ்சின் ஒரு பெட்டி, கியர்பாக்ஸ் தனியாக ஒரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் பிரைமரி செயினுக்கு இன்னொரு பெட்டி. அந்தப் பிரைமரி கவரை இறுக்கிப் பிடிப்பது நடுவில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. இத்தனை இணைப்புகளில் எங்காவது ஒன்றில் ஈரம் தட்டத்தான் செய்யும். அக்கறையாகப் பூட்டிய வண்டி ஒழுகாமலும் ஓடியிருக்கிறது. ஆனால் ஆலையிலிருந்து வரும் வண்டி எல்லாமே அப்படி வரும் என்ற நம்பிக்கை அன்றைக்கு யாருக்கும் இருந்ததில்லை.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். நியூட்ரலுக்குத் தனி லீவர். கிளப்புவதற்கு ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்து, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தும் டீகம்பிரஷர் லீவரை அழுத்தி, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பதம் பார்த்துவிடும். பொறியைக் கிளப்பும் பாயின்ட்டின் இடைவெளி, வால்வைத் தள்ளும் டேப்பட், கிளட்ச் கேபிள் எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை கை வைக்க வேண்டிய இடங்கள்.

இத்தனையும் இருந்தும் அது தரமான வண்டி என்று பெயர் வாங்கியது. ராணுவமும் காவல்துறையும் அதை நம்பின. அன்றைக்குத் தரம் என்றால் தடித்த இரும்பு, எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்ட முடிவது, முப்பது வருடம் கழித்தும் ஓடுவது. வழியில் நிற்கவே கூடாது என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. நின்றால் சரிசெய்துகொண்டு போக முடிய வேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுகோலில் காஸ்ட் அயர்ன் புல்லட் உண்மையிலேயே முதல் தரம்.

அளவுகோலை மாற்றியது ஜப்பான் தொழில்நுட்பத்தோடு வந்த 100 சிசி வண்டிகள். 1984, 1985-ல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகியும், வடக்கிலிருந்து ஹீரோ ஹோண்டா சிடி 100-ம், யமஹா ஆர்எக்ஸ் 100-ம் வந்தன. எஞ்சினின் அடிப்பாகம் உலர்ந்தே இருக்க முடியும், காலையில் லேசாக ஒரு உதையில் வண்டி கிளம்ப முடியும் என்று மக்கள் தெரிந்துகொண்டார்கள். புல்லட் நேற்று இருந்தது போலவேதான் இன்றும் இருந்தது, பார்ப்பவர் கண் மாறிவிட்டது. ஒரு நிறுவனத்தின் பெயர் கெடுவதற்கு அதன் பொருள் கெட வேண்டும் என்ற அவசியமே இல்லை. பக்கத்துக் கடைப் பொருள் முன்னேறினால் போதும். 1990-ல் டிராக்டர், லாரி செய்யும் ஐச்சர் நிறுவனம் உள்ளே வந்து, 1994-ல் முழுதாக எடுத்துக்கொண்டது. 2000-ல் மாதம் இரண்டாயிரம் வண்டி அளவுக்குத்தான் விற்றுக்கொண்டிருந்தது. மூடிவிடலாமா என்றுகூட யோசனை ஓடிய காலம் அது. ஐச்சர் குடும்பத்தின் சித்தார்த்த லால் பொறுப்பெடுத்தது அப்போதுதான்.

நடுவில் ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் உதவியோடு செய்த அலுமினிய எஞ்சின் ஒன்று வந்தது. மச்சிஸ்மோவிலும் 2002-ன் தண்டர்பேர்டிலும் இருந்தது அதுதான். காஸ்ட் அயர்னை விடச் சூடு குறைவு, மைலேஜ் கூட. ஆனால் கொஞ்ச காலமே வந்ததால் அதைத் தேடி வாங்குபவர்களும் குறைவு, அதற்கென்று தனியாக வரும் உதிரிபாகங்களும் குறைவு. மற்ற மூன்றில் ஒன்று கிடைக்கும்போது இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யூ.சி.இ.

2008-ல் தண்டர்பேர்டிலும் 2009 இறுதியில் கிளாசிக்கிலும் வந்த எஞ்சின் இது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் வந்தன. ஒழுகுவதற்கு இருந்த இணைப்புகளில் பாதி அதோடு காணாமல் போயின. டேப்பட் தானாகவே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் வகை. பட்டனை அழுத்தினால் கிளம்பும், கிக்கரும் உண்டு. கியர் எல்லா வண்டியையும் போல இடது காலில். 346 சிசி, 19.8 குதிரைத்திறன், 28 நியூட்டன் மீட்டர் இழுவிசை. காஸ்ட் அயர்னோடு ஒப்பிட்டால் எல்லா வகையிலும் ஒரு படி மேலே வந்த வண்டி.

அப்படியானால் இந்தத் தலைமுறைக்குத்தான் ஏன் இவ்வளவு கெட்ட பெயர்? எனக்குத் தெரிந்து இரண்டு காரணங்கள்.

முதலாவது, வேகம். வண்டியின் வேகம் அல்ல, விற்பனையின் வேகம். 2010-ல் வருடத்துக்கு ஏறக்குறைய 50,000 வண்டி விற்ற நிறுவனம், 2017-18 நிதியாண்டில் 8 லட்சத்தைத் தாண்டியது. நடுவில் 2013-ல் ஒரகடம் ஆலையும் 2017-ல் வல்லம் வடகால் ஆலையும் வந்தன. பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு தொழில் எட்டு வருடத்தில் பதினாறு மடங்கு பெருகும்போது பெயின்ட், குரோம், வயரிங், பாகம் செய்து தருபவர்கள், சர்வீஸ் ஆட்கள் என்று எல்லாம் அதே வேகத்தில் தரத்தோடு பெருகாது. ஸ்போக்குகளிலும் சைலன்சர் ஓரங்களிலும் முதல் மழைக்காலத்திலேயே துரு, பேட்டரிச் சிக்கல்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் வெவ்வேறு மாதிரி பூட்டிக் கொடுக்கும் ஆட்கள் என்று அந்தக் காலத்து வண்டிக்காரர்கள் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை எஞ்சினுக்கு வெளியே இருந்தவை. எஞ்சினுக்கு உள்ளே ஒரு பலவீனம் உண்டு. எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரின் சுழற்சியை ஒரே திசையில் எஞ்சினுக்குக் கடத்தும் ஸ்பிராக் கிளட்ச். பேட்டரி தளர்ந்திருக்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால், எஞ்சின் திருப்பி அடித்து ஸ்பிராக் கிளட்ச் தேய்ந்துவிடும். அதைத் தொட எஞ்சினின் இடது பக்கத்தைத் திறக்க வேண்டும், செலவும் அதிகம். பேட்டரி இறங்கியிருந்தால் கிக்கரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வண்டியைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் பாதிப் பேர் தப்பித்திருப்பார்கள்.

இரண்டாவது காரணம் வாங்கியவர்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். காஸ்ட் அயர்ன் வாங்கியவருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அல்லது நம்பகமான ஒரு மெக்கானிக் இருந்தார். சீட்டுக்கு அடியில் ஸ்பார்க் பிளக்கும் கிளட்ச் கேபிளும் இருக்கும். கிளாசிக் வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பல்சரோ யூனிகார்னோ ஓட்டியவர்கள். அந்த வண்டிகளின் நம்பகத்தன்மை அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி எழுபதாயிரம் ரூபாய் வண்டியை விட ஒரு வகையிலாவது நன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தது நியாயம்தான். 80-ஐத் தாண்டினால் கைப்பிடியிலும் ஃபுட்ரெஸ்டிலும் ஏறும் அதிர்வு, முதலாமவருக்கு வண்டியின் சுபாவம். இரண்டாமவருக்கு அது குறை. இருவருக்கும் கிடைத்த அதிர்வு ஒன்றேதான். 2017-ல் போட்டி நிறுவனம் ஒன்று இந்த வண்டிகளை யானையாகக் காட்டிக் கிண்டலடித்து விளம்பரமே எடுத்தது என்றால், கிண்டல் அந்த அளவுக்கு ஊரெல்லாம் பரவியிருந்தது என்றுதான் அர்த்தம்.

2016-ல் வந்த ஹிமாலயனும் சேர்ந்து பெயரைக் கெடுத்தது. மலைப்பாதைக்கு அருமையான யோசனை, அந்த விலையில் வேறு எவரும் தராத வண்டி. ஆனால் முதல் வருட வண்டிகளில் புகார்கள் அடுக்கடுக்காக வந்தன. 2017-ல் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனோடு திருத்திய வடிவம் வந்த பிறகுதான் மக்கள் அதை நம்பத் தொடங்கினார்கள். செகண்ட் ஹேண்டில் 411 சிசி ஹிமாலயன் தேடுபவர்கள் கார்புரேட்டர் வைத்த முதல் வருட வண்டியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், விட்டுவிடுங்கள்.

ஜே சீரிஸ்

இந்த மாற்றத்தின் வேர் 350-ல் இல்லை. 2015-ல் பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற சேசிஸ் நிறுவனத்தை ராயல் என்ஃபீல்டு வாங்கியது. 2017-ல் லெஸ்டர்ஷயரில் சொந்தமாக ஒரு தொழில்நுட்ப மையம் திறந்தது. அங்கும் சென்னையிலும் நடந்த வேலையின் முதல் பெரிய பலன் 2018-ல் வந்த இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650. 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன், ஆறு கியர். அதிர்வு மிகக் குறைவு. மூன்று வருட வாரன்டியும் கொடுத்தார்கள். பிரிட்டனில் அதுவரை இந்திய புல்லட் என்றால், வார இறுதியில் ஸ்பேனரோடு பொழுது போக்க விரும்புபவர்களின் வண்டி என்று பெயர். 650 வந்த பிறகு, தினமும் வேலைக்குப் போகிறவர்களும் அங்கே வாங்கினார்கள். வெளியூரில் கிடைத்த மரியாதை நம் ஊருக்குத் திரும்பி வரச் சில வருடங்கள் ஆயின.

2020 நவம்பரில் மீட்டியரிலும், 2021 செப்டம்பரில் கிளாசிக்கிலும், 2022-ல் ஹன்டரிலும், 2023-ல் புல்லட்டிலும் வந்தது ஜே சீரிஸ் எஞ்சின். இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் பாருங்கள். 349 சிசி, 20.2 குதிரைத்திறன், 27 நியூட்டன் மீட்டர். யூ.சி.இ.க்கும் இதற்கும் தாளில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். இழுவிசை ஒன்று குறைந்துகூட இருக்கிறது. ஷோரூமில் அட்டையைப் பார்த்து முடிவெடுப்பவருக்கு, பழைய எஞ்சினுக்கே புதுப் பெயர் வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்தில் அந்தச் சந்தேகம் போய்விடும்.

உள்ளே எல்லாமே வேறு. வால்வுகளைத் திறக்க இருந்த புஷ் ராட் போய், செயினால் சுழலும் கேம் சிலிண்டரின் தலைப்பகுதிக்கே வந்துவிட்டது. 70-க்கு 90 என்று இருந்த சிலிண்டர் 72-க்கு 85.8 ஆனது. அழுத்த விகிதம் 9.5. முக்கியமாக, அதிர்வை எதிர்த்துச் சமன்செய்யும் பேலன்சர் ஷாஃப்ட் வந்தது. ஃபிரேமும் புதிது. பழைய கிளாசிக்கில் எஞ்சினுக்கு முன்னால் ஒற்றைக் குழாய். இதில் இரட்டைக் குழாய் தொட்டில் ஃபிரேம். முன் ஃபோர்க் 35 மில்லிமீட்டரிலிருந்து 41 மில்லிமீட்டர் ஆனது. வளைவில் வண்டி கோடு மாறாமல் போவதையும், பள்ளத்தில் விழுந்தால் ஹேண்டில் நடுங்காமல் இருப்பதையும் நான் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகவே உணர முடிந்தது. 80-ல் போகும்போது பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு பேச முடிகிறது. 100-ல் போகலாம், ஆனால் அதற்கு மேல் இழுக்க இதில் மூச்சு இல்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. கிக்கர் கிடையாது. பேட்டரி இறங்கினால் தள்ளத்தான் வேண்டும், 195 கிலோ வண்டியைத் தள்ளுவது சாதாரண காரியம் இல்லை. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பட்டறையில் அரைகுறைக் கருவிகளை வைத்துப் பிரிக்கும் எஞ்சினும் இல்லை இது. சென்சார் கோளாறு என்றால் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

அப்புறம் ரீகால், அதாவது விற்ற வண்டிகளைக் குறை திருத்தத் திரும்ப அழைப்பது. 2021 மே மாதத்தில் 2,36,966 வண்டிகளை இக்னிஷன் காயில் குறைக்காக அழைத்தார்கள். கிளாசிக், புல்லட், மீட்டியர் மூன்றும் அதில் இருந்தன. அதே வருடம் டிசம்பரில் பின் டிரம் பிரேக் வைத்த 26,300 புதிய கிளாசிக்குகளை, பிரேக்கைத் தாங்கும் ஒரு பிராக்கெட்டுக்காக அழைத்தார்கள். செய்தி வந்த அன்று "பார்த்தீங்களா, மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று எல்லோரும் பேசினார்கள். நான் அதை நேர் எதிராகப் பார்க்கிறேன். காஸ்ட் அயர்ன் காலத்தில் குறையை நிறுவனம் கண்டுபிடித்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செய்த வண்டி என்று அறிவித்து, இலவசமாக மாற்றிக் கொடுத்த வழக்கம் எங்கே இருந்தது? வண்டிக்காரரும் மெக்கானிக்குமாகப் பார்த்துக்கொண்டார்கள். குறை வெளியே தெரியாததால் குறையே இல்லை என்று நினைவில் நின்றுவிட்டது. பழையதுதான் உறுதி என்ற பேச்சில் பாதி இந்த மறதிதான். மீதிப் பாதி, இன்று வரை ஓடிக்கொண்டிருக்கும் நல்ல பழைய வண்டிகளை மட்டுமே நாம் பார்க்கிறோம் என்பது. உடைந்தவை எல்லாம் எப்போதோ பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போய்ப் பிரிந்துவிட்டன.

சரி, யாருக்கு எது?

வீட்டில் இருப்பது ஒரே வண்டி, தினமும் வேலைக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறை ஊருக்கும் போக வேண்டும் என்றால் ஜே சீரிஸ் வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. நகரத்துக்குள்ளேயே சுற்றுபவருக்கு 181 கிலோ ஹன்டர் போதும். மனைவியோ அம்மாவோ பின்னால் உட்கார்வார்கள் என்றால் கிளாசிக் அல்லது புல்லட்டின் சீட்டுதான் சரி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதம் ஆனது. 350-க்கும் 650-க்கும் நடுவே ஏற்கனவே இருந்த விலை இடைவெளி இதனால் இன்னும் அகன்றுவிட்டது. சென்னையிலிருந்து பெங்களூருவுக்கோ மதுரைக்கோ அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு மட்டுமே அந்தக் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. அப்படி ஓடுபவருக்கு நன்றாகவே உண்டு. 350-ஐ நாள் முழுக்க 100-க்கு மேல் விரட்டுவதை விட 650-ஐ அதே வேகத்தில் சும்மா விடுவது எஞ்சினுக்கும் நல்லது, ஓட்டுபவருக்கும் நல்லது.

இந்த விலையில் வேறு வண்டிகளும் இருக்கின்றன. ஹோண்டா சிபி 350-ன் எஞ்சின் இன்னும் வழவழப்பானது, ஆனால் அதை விற்கும் பிக்விங் கடைகள் சின்ன ஊர்களில் அரிது. ட்ரையம்ஃப் ஸ்பீடு 400 முற்றிலும் வேறு வகை: 40 குதிரைத்திறன், வேகத்தை விரும்புபவருக்கு ஏற்றது. தடதடவென்று நிதானமாகப் போகும் வண்டி வேண்டும் என்று தேடுபவருக்கு அது பதில் ஆகாது.

பட்ஜெட் அதில் பாதிதான் என்றால் யூ.சி.இ. கிடைக்கும். கெட்ட பெயரால் விலை இறங்கியிருப்பது வாங்குபவருக்கு ஒரு வகையில் லாபம். வருடம் பார்த்து வாங்க வேண்டும். 2019-க்கு முந்தைய வண்டிகளில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெரும்பாலும் இருக்காது. என் தேர்வு 2020 ஜனவரிக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு மாறிய கிளாசிக். அதில் கார்புரேட்டர் போய் ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வந்திருக்கும், ஏபிஎஸ்ஸும் இருக்கும், கிக்கரும் இருக்கும். பத்து வருடத்துக்கு மேல் அடி வாங்கித் திருத்தப்பட்ட எஞ்சினின் கடைசி வடிவம் அது. 2012, 2013 வாக்கில் அவசர அவசரமாக வந்த வண்டிகளை நான் எடுக்க மாட்டேன்.

காஸ்ட் அயர்ன் வாங்க ஆசைப்படுபவரிடம் ஒரு கேள்வி மட்டும்: ஐந்து கிலோமீட்டருக்குள் அந்த எஞ்சினைத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா? இருந்தால், இரண்டாவது வண்டியாகத் தாராளமாக வாங்குங்கள். அதற்கு இணையான சத்தமும் ஓட்டமும் இப்போது வரும் எதிலும் இல்லை என்று முழு மனதோடு சொல்வேன். இல்லாவிட்டால் வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சி புக்கோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். எஞ்சின் மாற்றிய வண்டியும், ராணுவ ஏலத்தில் எடுத்துக் காகிதம் அரைகுறையாக இருக்கும் வண்டியும் நிறையச் சுற்றுகின்றன. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், பழைய கார்புரேட்டரின் ரப்பர் பாகங்களையும் பெட்ரோல் குழாயையும் வாங்கியவுடன் மாற்றிவிடுவது நல்லது.

பார்க்கப் போகும்போது, எந்தத் தலைமுறை வண்டியானாலும், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த வண்டிதான் உண்மையைச் சொல்லும். காஸ்ட் அயர்ன் என்றால், நாட்கணக்கில் நின்ற வண்டி முதல் உதையில் கொஞ்சம் நீலப்புகை விடுவது சகஜம்; சூடான பிறகும் விட்டுக்கொண்டிருந்தால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் செலவு காத்திருக்கிறது. யூ.சி.இ. என்றால், ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது இடது பக்கம் கரகரவென்று உலோகம் நழுவும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் ஸ்பிராக் கிளட்சுக்கான தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்டில் ஜே சீரிஸோ பிஎஸ் 6 யூ.சி.இ.யோ எடுக்கிறீர்கள், தயாரிப்பு 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை என்றால் இக்னிஷன் காயிலும், 2021 செப்டம்பர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வந்த டிரம் பிரேக் கிளாசிக் என்றால் பின் பிரேக் பிராக்கெட்டும் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஷோரூம் சர்வீஸில் கேட்டால் ரீகால் வேலை முடிந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். முடியவில்லை என்றால், அந்த வேலையை விற்பவரையே முடித்துத் தரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.